சபையைத் தாண்டிப் போன தாலித்தட்டு

ராஜவேலுக்கு, செங்கல்பட்டு பஸ் ஆபீசிலிருந்து உன் சித்தப்பன் தன் கையாலேயே எழுதுவது. என் கடிதங்களை எப்போதும் கிளார்க்கிடம் சொல்லித்தான் எழுத வைப்பேன் என்று உனக்குத் தெரியும். நான் சொல்வதை அவர் அழகாக்கி எழுதுவார், அவர் எழுதியதை நான் இன்னும் கொஞ்சம் பெரிதாக்கச் சொல்லுவேன். இந்த ஒரு கடிதத்தை அவர் கையில் கொடுக்க முடியவில்லை. நான் அஞ்சாம் வகுப்பில் பாதி வரை படித்தவன். மீதிப் பாதியை வாத்தியார் என்னிடம் கற்றுக்கொண்டார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேனே, அந்தப் பள்ளிக்கூடப் படிப்பை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. கல்யாணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது என்று எழுதியிருந்தாய். கேளம்பாக்கத்து மாமனார் தன் உப்பளக் குத்தகையைப் புதுப்பிக்கிற சமயத்தில் இருக்கிறார், பத்திரிகையில் மேல் வரியில் மந்திரி பெயரைத் தலைமையாகப் போட்டால் எல்லாம் நல்லபடியாக முடியும் என்று நினைக்கிறார் என்றும் எழுதியிருந்தாய். அதற்குக் கீழே, "சித்தப்பா, அக்கா கல்யாணத்துல காரை நிறுத்தித் தாலியைத் தொட்டுக் குடுத்தவரு, நீங்க ஒரு வார்த்தை சொன்னா வரமாட்டாரா? ஆபீஸ் செவுத்துல மாட்டிகீற போட்டோவை அனுப்புங்க, அவரு செக்ரட்டரிகிட்ட காட்டணும்" என்று கேட்டிருந்தாய். அதை நான் மூன்று தடவை படித்தேன். முதல் தடவை டிக்கெட் கட்டு வாங்க வந்த கண்டக்டர்கள் எல்லோரும் கேட்கும்படி சத்தமாகப் படித்தேன். இரண்டாம் தடவை எனக்குள் படித்தேன். மூன்றாம் தடவை படித்துவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறி, படத்தைச் சுவரிலிருந்து கழற்றினேன். படத்தில் நான் கண்டதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

நான் கதையை இழுத்துச் சொல்லுகிறவன். இதை நீ மற்றவர்கள் வாயால் கேட்டிருப்பாய், என் வாயால் கேட்டதில்லை. சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரி அடுப்பைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டினோமே, அப்போது வேடந்தாங்கல் ஏரிக்கரையில் அத்தனை பறவையும் வண்டி மேல் வந்து உட்கார்ந்து, பாரம் தாங்காமல் டயர் வெடித்தது என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். டயர் வெடித்தது நிஜம். பக்கத்தில் ஒரு நாரை நின்றதும் நிஜம். இந்தப் பழக்கம் எனக்கு எப்படி வந்தது தெரியுமா? உன் அப்பா, என் அண்ணன், போனபோது உனக்கு ஏழு வயது, கனகாவுக்கு ஒன்பது. உங்கள் அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். கனகா பத்து நாள் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள். உன் சித்தி கெஞ்சினாள், மிரட்டினாள், ஒன்றும் நடக்கவில்லை. நான் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, இன்று மதுராந்தகம் ரோட்டில் ஒரு எருமை நம் பஸ்ஸுக்குக் கை காட்டி டிக்கெட் கேட்டது என்று ஆரம்பித்தேன். வாயைத் திறந்து "எவ்ளோ தூரத்துக்கு?" என்று கேட்டாள். திறந்த வாயில் ஒரு கவளம் போட்டேன். அன்றிலிருந்து அவளை ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு பொய் சொல்லி வளர்த்தேன். அந்தப் பொய்களுக்காக நான் வருத்தப்படவில்லை. ஒருத்திக்குச் சோறு இறங்க வேண்டியிருந்தது.

பிறகு பஸ் இரண்டானது. முதல் வண்டியின் நெற்றியில் 'கனகா' என்று எழுதினேன். செங்கல்பட்டுக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் நடுவே அவளை அறியாத ஆள் இல்லை என்று சொல்லிச் சிரிப்பேன். ஆனால் என் மனம் முழுவதும் திருக்கழுக்குன்றத்துக்கு அப்பால், மாபலிபுரம் வரை போகிற கடற்கரைத் தடத்தின் மேல் இருந்தது. அதற்குப் பெர்மிட் வேண்டும். அந்தக் காலத்தில் நம் ஊரில் தொழில் வைத்திருந்த எவனும் மனு எழுதி ஆபீசில் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்ததாக எனக்கு நினைவில்லை. ஆள் பிடிக்க வேண்டும் என்பதுதான் எல்லோருக்கும் பாடம். ஜென்மத்தில் கதர் உடுத்தாத அரிசி மில்காரர் கதவுக்குப் பின்னால் ஒரு கதர்ச் சட்டையை ஆணியில் மாட்டி வைத்திருப்பார். ஜீப் சத்தம் கேட்டால் உள்ளே போய் மாற்றிக்கொண்டு வருவார். மந்திரி போகிற ரயில் நம் ஸ்டேஷனில் நின்றால் பிளாட்பாரத்தில் இருபது முதலாளிகள் எலுமிச்சம்பழத்தோடு நிற்போம். நானும் ஒரு தடவை நின்றேன். மந்திரி என் பழத்தை வாங்கி, என் முகத்தைப் பார்க்காமலே பின்னால் நின்ற டவாலிச் சேவகன் கையில் கொடுத்தார். வீட்டுக்கு வந்து, "என் பழத்தை மட்டும் மோந்து பாத்தாரு" என்று உன் சித்தியிடம் சொன்னேன். அவள், "ஊறுகாய்க்கு வெச்சிருந்த எலுமிச்சம்பயத்தைத்தானே எடுத்துகினு போனே?" என்றாள்.

கனகாவுக்குப் படாளத்தில் மாப்பிள்ளை அமைந்தது அந்தச் சமயத்தில்தான். நல்ல குடும்பம், ஏரிப் பாசன நிலம், பேச்சுக் குறைந்த பையன். நம் பக்கத்து வழக்கப்படி கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில் நடக்க வேண்டும். அப்போது ஏகாம்பரம் என்று ஒருவர், மேடை போடுவதும் மாலை வாங்குவதுமாக மந்திரி வருகிற இடத்திலெல்லாம் முன்னால் நிற்கிறவர், ஆபீசுக்கு வந்தார். "மந்திரி வர்ற வெள்ளிக்கெயமை மாவலிபுரம் பங்களாவுல தங்கறாரு. வூட்டுக் கல்யாணத்தை அங்க வெச்சிகினீங்கன்னா பந்தலுக்குக் கூட்டிகினு வர்றது என் பொறுப்பு. அவரு கையால தாலியைத் தொட்டுட்டாருன்னா ரூட்டு எங்க போவப்போவுது?" என்றார். நான் அன்றைக்கே படாளம் போனேன். சம்பந்தி, "இன்னாத்துக்குங்க கடல் மணல்ல போயி? எங்க வூட்டு வாசல்ல எடம் இல்லியா?" என்று கேட்டார். கெஞ்சினேன். தகப்பன் இல்லாத பெண், பெரிய மனிதர் ஆசீர்வாதம் கிடைக்கட்டும் என்றேன். ராஜவேலு, இதையும் எழுதிவிடுகிறேன். செத்துப்போன என் அண்ணன் பெயரைச் சொல்லித்தான் அதைக் கேட்டேன். சம்பந்தி உடனே ஒத்துக்கொண்டார்.

பந்தலுக்குச் சவுக்குக் கழி கொடுத்தவர் கோவளத்து ஹமீது பாய், கடற்கரைத் தோப்புகளைக் குத்தகை எடுத்து விறகு அனுப்புகிறவர். கழிகளை இறக்கிப் போட்டுவிட்டு, கடலுக்கும் ரோட்டுக்கும் நடுவே நான் குறித்த இடத்தைப் பார்த்தார். "இன்னா அண்ணாத்த, பொண்ணுக்குக் கல்யாணமா, பஸ்ஸுக்குக் கல்யாணமா?" என்றார். "ரெண்டுக்கும் ஒரே பந்தல் பாய், செலவு மிச்சம்" என்று சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

நீ அப்போது தாம்பரம் ஹாஸ்டலில் அம்மை போட்டுப் படுத்திருந்தாய். அதனால் அன்று நடந்ததை நான் சொன்னபடிதான் நீ அறிவாய். இப்போது நடந்தபடி கேள். வெள்ளிக்கிழமை. முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. பத்தரைக்கு மேல் ராகு காலம். காலையிலிருந்தே காற்று. சாம்பாரில் மணல், குத்துவிளக்கு நிற்கவில்லை, உன் சித்தி முந்தானையை விரித்துக் காற்றை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்பதரைக்கு மாப்பிள்ளையும் பெண்ணும் மணையில் உட்கார்ந்தாயிற்று. புரோகிதர் என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன். "அஞ்சே நிமிசம் சாமி" என்றேன். அந்த அஞ்சு நிமிஷத்தை ஆறேழு தடவை சொல்லியிருப்பேன். பத்து மணிக்கு மேல் ஏகாம்பரம் மணலில் ஓடி வந்தார். "பந்தலுக்கு வர்றதுக்கு டயம் இல்லியாம். வண்டி கெளம்பிடுச்சி. இந்த வயியாத்தான் போவாரு. ரோட்டாண்ட நின்னா நிறுத்தச் சொல்லிக்கீறேன்" என்றார்.

அப்போதுதான் தாலியைத் தேங்காய் மேல் வைத்து, தட்டில் அட்சதையோடு என் கையில் கொடுத்திருந்தார்கள். சபையில் பெரியவர்கள் ஒவ்வொருவரிடமும் கொண்டு போய்த் தொட்டு வாழ்த்தச் சொல்ல வேண்டியது என் வேலை. முதல் வரிசையில் சம்பந்தி கையை நீட்டினார். நான் அவரைத் தாண்டிப் போனேன். அவர் பக்கத்தில் மாப்பிள்ளையின் பாட்டனார் உட்கார்ந்திருந்தார். அவரையும் தாண்டிப் போனேன். வரிசை முடிந்தது, பந்தல் முடிந்தது, நான் நிற்கவில்லை. தட்டோடு மணலில் இறங்கி ரோட்டுக்கு நடந்தேன். முதலில் நடந்தேன், பிறகு ஓடினேன். பின்னால் சம்பந்தி, "ஏங்க, தாலிங்க, தாலி" என்று கூப்பிட்டது எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டது.

ரோட்டோரத்தில் நின்றேன். போட்டோ எடுக்கிறவரை அதற்கென்றே செங்கல்பட்டிலிருந்து கூட்டி வந்திருந்தேன், அவர் எதிர்ப்புறம் தயாராக நின்றார். கார் உடனே வரவில்லை. கால் சுட்டது, நின்றேன். கடைசியில் கறுப்புக் கார் வந்தது. நான் தட்டை உயர்த்திப் பிடித்தேன். வேகம் கொஞ்சம் குறைந்தது போலத்தான் இருந்தது. பின் சீட்டில் அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கி, என் பக்கமாக ஒரு கும்பிடு போட்டார், எனக்கா, ரோட்டோரத்துப் புளிய மரத்துக்கா தெரியாது. கார் போய்விட்டது. தட்டில் அட்சதை மேல் புழுதி படிந்திருந்தது. நான் அதை ஊதி ஊதித் துடைத்துக்கொண்டே மணலில் திரும்பி வந்தேன். மணலில் வேகமாக நடக்க முடியாது, ராஜவேலு. ஓடிப் போனபோது அது எனக்குத் தெரியவில்லை.

பந்தலுக்குள் நுழைந்தேன். புரோகிதர் கடிகாரத்தை மடியில் வைத்துவிட்டார். "பத்தரை போயி பத்து நிமிஷம் ஆயிடுத்து" என்றார். சம்பந்தியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேறு நாள் பார்க்கலாம் என்று ஒருவர் சொன்னார். மணையில் உட்கார்ந்த பெண்ணைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போவதா என்று இன்னொருவர் சொன்னார். மாப்பிள்ளைதான் கையை நீட்டினார். "குடுங்க மாமா, கட்டறேன். உக்காந்துகினே கீது பாவம்" என்றார். நாகஸ்வரக்காரர் கெட்டிமேளம் வாசிக்கலாமா என்று என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். உன் அக்காவுக்கு ராகு காலத்தில் தாலி ஏறியது.

பந்தியில் யாரோ கேட்டார்கள், "இன்னா, மந்திரி தொட்டாரா?" என்று. "தொட்டாரு" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. சாயங்காலத்துக்குள் அவர் காரை நிறுத்தினார். மறுநாள் செங்கல்பட்டு வந்து சேருவதற்குள் இறங்கி நின்று, பெண் பெயரைக் கேட்டு, "தங்கமான பேரு" என்றும் சொல்லிவிட்டார். பந்தியில் நான் அந்த முதல் வார்த்தையைச் சொன்னபோது கனகா எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். என் கதைகளைக் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்ட பெண், அன்றைக்கு இலையைத் தொடவில்லை.

ரூட் இரண்டு வருஷம் கழித்து எனக்குக் கிடைத்தது. அதையும் மந்திரி தயவு என்று சொல்லிவிட்டேன். உண்மை என்னவென்றால், ஆள் யாரையும் பிடிக்காமல் மனு எழுதிச் சர்க்கார் ஆபீசில் கொடுத்தேன், வந்துவிட்டது. ஏகாம்பரத்தைக் கேட்டாயிற்றா என்று நான் அங்கிருந்த குமாஸ்தாவைக் கேட்டதற்கு, "யாரு ஏகாம்பரம்? அந்தத் தடத்துக்கு உங்களைத் தவிர ஒருத்தரும் கேக்கவே இல்லையே" என்றார்.

உன் அக்காவுக்கு முதல் குழந்தை பிறக்கும்போதே மூச்சில்லை. இரண்டாவது இருபது நாள் இருந்தது. உனக்கு இது தெரியும். அந்த வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது. மாடு கறவை நின்றாலும், ஏரித் தண்ணீர் கடைசி வயலுக்கு எட்டாவிட்டாலும், மாமியார் சொல்லுவது ஒன்றே: ராவு காலத் தாலி. மாமியார் கெட்டவர் இல்லை. அவருக்கும் துக்கத்தை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டும். இறக்கி வைக்க இடம் செய்து கொடுத்தவன் நான். கனகா ஒரு நாளும் என்னை ஒரு சொல் கேட்டதில்லை. பஸ் நெற்றியில் தன் பெயரைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்வாள், அவ்வளவுதான்.

போன வாரம், நீ நாள் எழுதுவதற்கு முன்பே, வெற்றிலை பாக்கோடு படாளம் போயிருந்தேன். உன் கல்யாணத்தில் தாலியின் மூன்றாவது முடிச்சை நாத்தனாராக அவள் போட வேண்டும், அதைச் சொல்லி முறையாக அழைக்கப் போனேன். மோர் கொண்டுவந்து வைத்தாள். "முடிச்சு மட்டும் வேணாம் சித்தப்பா" என்றாள். "பெரியம்மா மவ கீறாளே, அவ போடட்டும். என் கையி அந்தப் பொண்ணு கயுத்தாண்ட போவ வேணாம். ராஜவேலு நல்லா இருக்கணும். நான் வந்து ஓரமா நின்னு பாத்துட்டுப் போறேன்" என்றாள். அழவில்லை, பருப்பு வாங்கி வரச் சொல்லுகிற குரலில் சொன்னாள். அவள் உள்ளே போனதும் மாப்பிள்ளை மெல்ல, "அவங்களுக்கு அந்த நெனப்பு ஏறிப்போச்சி மாமா. நான் சொன்னா கேக்கல. தம்பி வந்து கூப்ட்டா எயுந்து வருவாங்களோ இன்னாவோ" என்றார். வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். திங்கட்கிழமை உன் கடிதம் வந்தது.

மந்திரி மேல் எனக்குக் கோபமில்லை. யோசித்துப் பார்த்தால் அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. அவர் பாட்டுக்குப் பேப்பர் படித்துக்கொண்டு போனார். நான்தான் வீட்டில் இருந்ததிலேயே உயர்ந்ததைத் தட்டில் வைத்து ரோட்டுக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். உன் மாமனாரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. பத்திரிகையின் மேல் வரியில் ஒரு பெயரைப் போட்டுவிட்டால், அந்தப் பெயருக்காகக் காத்திருக்கத்தான் வேண்டும். காத்திருக்கும்போது யார் கை நீட்டுகிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரியாது. உப்பளத்துக்கு மனு எழுதச் சொல்லு. பிழை இருந்தால் என் கிளார்க் திருத்தித் தருவார்.

இப்போது படம். உனக்கு அனுப்புவதற்காகச் சட்டத்தைக் கழற்றினேன். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே ஒரு கறுப்பு அட்டை இருந்தது, சட்டம் போட்டவர் ஓரத்தை மறைத்துக் கொடுத்திருந்தார். ஆறு வருஷமாக நான் பார்த்தது காரின் பாதியையும், தட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கிற என்னையும்தான். கார் ஜன்னலில் வெள்ளையாகத் தெரிவது மந்திரியின் கை என்று வருகிறவர்களுக்கெல்லாம் விரல் வைத்துக் காட்டுவேன். அது பேப்பர். அட்டையை எடுத்தேன். வலது ஓரத்தில், மணலுக்கு அந்தப் பக்கம், நம் பந்தல் இருக்கிறது. பந்தலின் முதல் சவுக்குக் கழியைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி நிற்கிறாள். விரல் நகத்தளவு உருவம், முகம் தெரியவில்லை. கழுத்தில் மாலை தெரிகிறது. மணையிலிருந்து பெண் எழுந்திருக்கக் கூடாது, ராஜவேலு. எழுந்து பந்தல் ஓரம் வரை வந்து, தன் தாலி எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் திரும்பி வருவதற்குள் மறுபடியும் போய் உட்கார்ந்துகொண்டாள் போலிருக்கிறது. யாரும் எனக்குச் சொல்லவில்லை.

படத்தைச் சட்டமில்லாமல் இதோடு வைத்திருக்கிறேன். செக்ரட்டரிக்குக் காட்ட வேண்டாம். நீ பார்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸிலேயே படாளத்துக்குப் போ. தாலி தாமதமானது யாரால் என்று அவள் மாமியார் முன்னாலேயே சொல்லு, நான் எழுதிக் கொடுத்ததாகச் சொல்லு, கையெழுத்து கோணலாக இருப்பதால் நம்புவார்கள். நான் வந்து சொன்னால் பாதி வழியில் கதையாகிவிடும். அக்காவை ஓரமாக நிற்க விடாதே. முடிச்சு அவள்தான் போட வேண்டும். அதற்கு முன்னால், தேங்காய் மேல் தாலியை வைத்துச் சபையில் சுற்றிக் கொண்டுவரும் தட்டு இருக்கிறதே, வீட்டுக்கு மூத்தவன் என்று அதை என் கையில் கொடுக்க வருவார்கள். நான் வாங்கிக்கொள்ள மாட்டேன். அதை உன் அக்கா கையில் கொடு. அவள் ஒருவரையும் தாண்டிப் போகமாட்டாள்.